சதுக்கப் பூதம் ஓர் இனமாக இருந்தால்: உடம்பும் ஊரும் அமைப்பது எப்படி?

மருதநிலத்தாள்

வணக்கம் நண்பர்களே. பழைய புகார் நகரத்தை, அதாவது காவிரிப்பூம்பட்டினத்தைக் களமாக வைத்து ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். சிலப்பதிகாரத்தில் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதம் வருமே, குற்றம் செய்தவர்களைப் பாசக்கயிற்றால் பிடித்துப் புடைத்து உண்ணும் பூதம். நாளங்காடியில், அதாவது பகல் சந்தையில், காவலுக்கு நிற்கும் பூதம் ஒன்றும் உண்டு. என் கதையில் இவை தனித்தனித் தெய்வங்கள் இல்லை, ஓர் இனத்தைச் சேர்ந்தவர்கள். பிறப்பார்கள், பசிப்பார்கள், நோயில் படுப்பார்கள், சாவார்கள். காவிரி கடலில் சேருமிடத்தில் மனிதர்களுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பார்கள்.

மந்திரத்தைச் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. இப்போதைக்கு மனிதனைப் போல மூன்று மடங்கு உயரம், அதாவது 17 அடி அளவில், மனித உடலமைப்பிலேயே வைத்திருக்கிறேன். இந்த உடம்பு நிற்குமா? என்ன சாப்பிடுவார்கள்? ஒரு கழிமுகத்தில் எத்தனை பேர் வாழ முடியும்? அவர்களுடைய சமூகம் எப்படி இருக்கும்? கடைசிக் கேள்விதான் என்னை ரொம்ப அலைக்கழிக்கிறது.

நிலைக்கம்பி

கட்டடத் துறையில் இருப்பவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மூன்று மடங்கு உயரம் என்றால் அகலமும் கனமும் கூடவே மும்மடங்கு ஆகும். எடை 27 மடங்கு. 65 கிலோ ஆள் 1,755 கிலோ ஆகிவிடுவார். ஆனால் பாரத்தைத் தாங்குவது எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, அது 9 மடங்குதான் கூடும். ஆக ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பின் மீதும் மூன்று மடங்கு சுமை. கலிலியோ 1638-லேயே இதை எழுதிவிட்டார். மூன்று மடங்கு நீளமான எலும்பு அதே வேலையைச் செய்ய எவ்வளவு பருக்க வேண்டும் என்று படம் போட்டும் காட்டினார்.

நம் எலும்புகளில் உபரி வலிமை இருக்கிறது. அதனால் உங்கள் பூதம் நின்ற இடத்தில் நொறுங்கிவிடாது. ஓடினால், தடுக்கி விழுந்தால், படியிலிருந்து குதித்தால் அந்த உபரி போதாது. யானையைப் பாருங்கள், எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழாது. குதிக்கவும் குதிக்காது.

இதற்கு மனித உதாரணமே உண்டு. அளந்து பதிவு செய்யப்பட்டவர்களில் மிக உயரமானவர் அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ, 272 சென்டிமீட்டர். நடக்கக் கால்தாங்கி தேவைப்பட்டது, பாதத்தில் உணர்ச்சியும் குறைவு. தாங்கி உராய்ந்து உண்டான கொப்புளம் சீழ்பிடித்து 1940-ல், 22 வயதில் இறந்துபோனார். இத்தனைக்கும் அவர் நம்மைப்போல ஒன்றரை மடங்கு உயரம்தான். 17 அடி வேண்டுமானால் மனித அச்சை விட்டுவிடுங்கள். கால் குட்டையாகவும் தூண் மாதிரியும் இருக்க வேண்டும்.

பனையோரத்தான்

எனக்கு இதில் ஒரு மனத்தடை இருக்கிறது. பூதம் என்றால் சின்ன வயதில் அடிவயிற்றில் ஒரு பயம் வரும். அதை நிறுத்துப் பார்த்து, எலும்பை அளந்து, சாப்பாட்டுக் கணக்குப் போட்டால் அந்தப் பயம் மிஞ்சுமா? கதை கேட்கிறவருக்கு வேண்டியது பூதம் ஏன் வந்தது, யாரைப் பிடித்தது என்பதுதான். எத்தனை கிலோ என்று எவரும் கேட்டதில்லை. உடற்கூறு விளக்கத்தில் பக்கங்களைச் செலவழித்து, கடைசியில் பூதத்தைத் தொலைத்துவிடாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கற்றளி

பனையோரத்தான் அண்ணா, நாவலாசிரியர் கணக்கைக் கதையில் எழுத வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருந்தால் போதும், எழுத்து தானாக அதற்குக் கட்டுப்படும்.

நிலைக்கம்பி சொன்ன உடம்பு நம் கோயில்களில் ஏற்கெனவே செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பல்லவர், சோழர் காலக் கற்கோயில்களில் கூரைக்குக் கீழே பூதங்களை வரிசையாகச் செதுக்கிய ஒரு பூதவரி ஓடும். காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்கள் பூதகணங்களை அருகில் பார்த்திருப்பீர்கள். குட்டைக் கால், பருத்த தொடை, பெரிய பானை வயிறு, தோளுக்குள் புதைந்த தலை. கழுத்து என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. சிற்பத்தில் அவற்றைக் குள்ளர்களாகவே காட்டுகிறார்கள், அது உண்மை. ஆனால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விகிதத்தை. அதே விகிதத்தை 17 அடிக்கு உயர்த்திப் பாருங்கள், பாரம் தாங்கும் உடம்பு கிடைத்துவிடும். ஒல்லியான நெடிய மனிதனை உயர்த்தினால் கிடைக்காது.

இன்னொன்று, பூதவரியில் அவர்கள் சும்மா இருப்பதில்லை. முழவு அடிக்கிறார்கள், சங்கு ஊதுகிறார்கள், தாளம் போடுகிறார்கள், ஆடுகிறார்கள், முகத்தைக் கோணுகிறார்கள். சமூகம் என்று கேட்டீர்களே, இசையில் ஊறிய கூட்டம் என்று சிற்பிகள் முடிவு செய்திருக்கிறார்கள்.

வடமராட்சியான்

கற்றளி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறன். இலங்கையில் பொலன்னறுவை வட்டதாகே என்ற வட்ட வடிவப் பௌத்தக் கோயிலின் படிக்கட்டுகளில் இதே குள்ள கணங்கள் வரிசையாக இருக்கினம். படிகளைத் தாங்கிப் பிடிக்கிற பாவனையில். கோயிலில் கூரைக்குக் கீழே, அங்கே படிக்குக் கீழே. எங்கே வைத்தாலும் பாரம் சுமக்கிற இனமாகத்தான் எங்கட சிற்பிகளும் உங்கட சிற்பிகளும் கண்டிருக்கிறார்கள். புகாரின் துறைமுகத்தில் நாவாயைக் கரைக்கு இழுப்பது, மரம் தூக்குவது போன்ற வேலைகளைப் பூதங்களுக்குக் கொடுத்தால் நல்லாய் இருக்கும்.

கால்நடை வைத்தியன்

இந்த இழையை நேற்றிரவு பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. வேலை நிமித்தம் யானை முகாம்களுக்குப் போய் வருகிறவன் நான். பெரிய உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

கால் பருத்து, எலும்பு கனத்துவிட்டால் எடை 1,755 கிலோவில் நிற்காது. 2,500 கிலோ என்று வையுங்கள்.

முதலில் இதயம். ஒரு மீட்டர் உயரத்துக்கு ரத்தத்தை ஏற்றவே கிட்டத்தட்ட 78 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். அதனால்தான் ஒட்டகச்சிவிங்கியின் ரத்த அழுத்தம் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் காலில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க அதன் கால் தோல் இறுக்கமான காலுறை மாதிரி கவ்விப் பிடித்திருக்கிறது. பூதத்துக்கும் கால் தோல் அப்படித் தடித்திருக்க வேண்டும். கற்றளி சொன்ன கழுத்தில்லாத தலை எனக்கு ரொம்பப் பிடித்தது. தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ இதயத்துக்கு அவ்வளவு ஆறுதல். துடிப்பும் மெதுவாக இருக்கும். எடை கூடக் கூடத் துடிப்பு குறையும் என்ற பொது விதிப்படி கணக்கிட்டால் நிமிடத்துக்கு 28 வருகிறது. யானைக்கும் 30-ஐ ஒட்டித்தான்.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் உங்கள் சமூகமே இருக்கிறது அம்மா. 1932-ல் மாக்ஸ் கிளைபர் காட்டியபடி, உடலின் எரிசக்தித் தேவை எடையின் முக்கால் அடுக்கில்தான் ஏறும். 2,500 கிலோ என்பது நம் எடையைப் போல 38 மடங்குக்கு மேல், ஆனால் தேவை 15 மடங்குதான். நாளைக்கு 37,000 கலோரி, அதாவது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான அரிசி. வருடத்துக்கு 3.8 டன் அரிசி, நெல்லாகச் சொன்னால் ஐந்தரை டன்னுக்கு மேல். இன்றைய விளைச்சலில் ஏக்கருக்கு இரண்டு டன் நெல் என்று வைத்தால் ஒரு பூதத்துக்கு மூன்று ஏக்கர். பழைய காலத்து விளைச்சலுக்கு இதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

புல், தழை தின்று வாழ முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் யானையைப் பாருங்கள். நாளுக்கு 150 கிலோ தின்கிறது, அதில் பாதிகூடச் செரிப்பதில்லை, விழித்திருக்கும் நேரம் பெரும்பாலும் மேய்ச்சலிலேயே கழிகிறது. நாற்சந்தியில் நின்று நியாயம் பார்க்க அதற்கு நேரம் இருக்காது. பூதம் நிற்க வேண்டுமானால் வெந்த தானியம் வேண்டும். முகாம் யானைகளுக்கும் மேய்ச்சலோடு கேழ்வரகு, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்துக் கவளம் கவளமாக ஊட்டுகிறோம். வேகவைத்ததில் சத்து சீக்கிரம் கிடைத்துவிடும்.

வேகவைப்பது யார்? அவர்கள் கைக்கு ஏற்ற பானையைச் சூளையில் சுடுவது கஷ்டம். ஆக, மனிதர்கள் சமைக்கிறார்கள், பூதங்கள் காக்கிறார்கள். ஒப்பந்தம் அங்கே தொடங்குகிறது.

கற்றளி

ஐயா, இது அப்படியே சிலப்பதிகாரத்தில் இருக்கிறது! நாளங்காடிப் பூதத்துக்கு மறக்குடிப் பெண்கள் படைப்பது புழுக்கல், நோலை, நிணச்சோறு, அதோடு பூ, புகை, பொங்கல். துணங்கையும் குரவையும் ஆடுகிறார்கள். புழுக்கல் என்றால் வெந்த பயறு, நோலை எள்ளுருண்டை. மாவுச்சத்து, புரதம், எண்ணெய், கொழுப்பு எல்லாமே வந்துவிட்டது. நாம் அதைப் படையல் என்று மட்டும் படித்துவிட்டோம். மருதநிலத்தாள் அதை ஒரு நகரம் தன் காவலர்களுக்குக் கொடுக்கும் கூலியாக எழுதலாம்.

மருதநிலத்தாள்

எவ்வளவு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கூலி என்ற கோணம் கதையையே திருப்பிவிடுகிறது. மழை பொய்த்த வருடத்தில் படையல் நின்றால் என்ன ஆகும்? அரசன் படையலை வேண்டுமென்றே குறைத்தால்? இரண்டு அத்தியாயங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

சமூகத்துக்கு நான் வைத்திருந்த யோசனை இது. மதுரை எரியும்போது அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என நால்வகைப் பூதங்கள் நகரை விட்டு வெளியேறுவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. என் இனத்திலும் அந்த நான்கு பிரிவுகளை வைக்கலாமா?

கால்நடை வைத்தியன்

வேண்டாம் என்பேன். உயிரியல் காரணமே போதும். ஒரு கழிமுகத்தில் உங்களுக்கு 200, 300 பூதங்கள் இருந்தால் அதிகம். சிறிய கூட்டத்தில் நெருங்கிய உறவுக் கலப்பின் கேட்டைக் குறுகிய காலத்துக்குத் தவிர்க்கவே இனப்பெருக்கத்தில் பங்குகொள்ளும் 50 உயிர்கள் வேண்டும், நீண்ட காலத்துக்கு 500 என்பது வனவிலங்குப் பாதுகாப்பில் 1980 முதல் புழங்கிவரும் விதி. 300 பேரை நான்காக வெட்டி, ஒருவருக்கொருவர் பெண் கொடுக்காமல் எடுக்காமல் வைத்தால் சில தலைமுறைகளில் அந்த இனம் அழிந்துவிடும். உடம்பே அந்த வேலியை அனுமதிக்காது.

அவர்களுக்குத் தேவை நேரெதிர். வைகை முகத்துவாரத்துப் பூதங்களும் பாலாற்றுப் பூதங்களும் காவிரிப் பூதங்களும் கலந்தாக வேண்டும். யானைக் கூட்டத்தில் ஆண்கள் பருவமடைந்ததும் வெளியே போய்விடும், பெண்கள் தாய்வழியில் சேர்ந்து வாழும். அந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரமாக நெடுந்தொலைவு நடக்கும் இளைஞர்கள், ஊரில் நிலைத்திருக்கும் பெண்கள்.

பேறு அபூர்வமாகவே நடக்கும். யானைக்குக் கர்ப்பம் 22 மாதம், அடுத்த கன்றுக்கு நான்கைந்து வருட இடைவெளி. பூதத்துக்கும் அந்த அளவு வையுங்கள். ஒரு பூதப் பெண் வாழ்நாளில் ஐந்தாறு பிள்ளை பெற்றால் பெரிது. ஒரு குழந்தை இறந்தால் மொத்தக் கழிமுகமும் துக்கம் காக்கும். மனிதர்கள் போருக்குப் பிள்ளைகளை அனுப்புவதை அவர்களால் எந்தக் காலத்திலும் ஏற்க முடியாது. சோழன் படைக்குப் பூதம் கேட்கும் காட்சி எழுதினால் மறுப்புக்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வெயிலை விட்டுவிட்டேன். எடை கூடும் அளவுக்குத் தோல் பரப்பு கூடாது, உடம்பில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழி குறைவு. யானைக்கு நகத்தைச் சுற்றித்தான் வியர்வைச் சுரப்பி, மற்றபடி காதும் சேறும் தண்ணீரும். பூதம் நம்மைப்போல வியர்க்கும் என்றால் தண்ணீரும் உப்பும் ஏராளமாக வேண்டும். கழிமுகம், உப்பளம், பக்கத்தில் ஆறு, நீங்கள் இடத்தைச் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். பகலில் கழுத்தளவு நீரில் கிடப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் எழுந்து வருவார்கள்.

வடமராட்சியான்

உப்பு என்றால் உமணர். வண்டி வண்டியாக உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுபோன வணிகர்களைச் சங்கப் பாட்டுகளில் கனக்கக் காணலாம். அதே உப்பளத்தை நம்பிப் பூதங்களும் இருந்தால் நெய்தல் நிலத்து மீனவரான பரதவர், உமணர், பூதம் என்று மூன்று தரப்புக்கும் நடுவில் பிணக்கு வரத்தான் செய்யும். கதைக்கு நல்ல முடிச்சு.

நிலைக்கம்பி

ஒரு சின்னச் சேர்க்கை. 2,500 கிலோவை இரண்டு பாதத்தில் தாங்கும் உயிர் கழிமுகச் சேற்றில் நடந்தால் புதையும். பாதம் யானைக்கு இருப்பதுபோல் கொழுப்பு மெத்தையோடு, பாரம் விழுந்தால் விரியும்படி இருக்கட்டும். குடியிருப்பு மணல்மேட்டில். அவர்கள் நடக்கும் தெருக்களில் நகரம் செங்கல்லைப் பட்டையாக அடுக்கிப் பரப்பியிருக்கும். தெருவைப் பார்த்தாலே இது பூதம் நடக்கும் வழி என்று தெரிய வேண்டும்.

கால்நடை வைத்தியன்

குரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்குப் பிடித்தது அதுதான். 1984-ல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். காதுக்குக் கேட்கவில்லை. பதிவு செய்து பார்த்தபோதுதான் யானைகள் நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்வது தெரிந்தது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே. தாழ்ந்த ஒலி காட்டில் அதிகம் தேயாது, பல கிலோமீட்டர் போகும். மாலையில் தரைப்பக்கம் காற்று குளிர்ந்த பிறகு இன்னும் தொலைவு எட்டும்.

17 அடி உடம்பின் தொண்டைக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் அந்தக் குரல் இயல்பாக வரும். மனிதர்கள் காதில் விழுவது பாதி, மீதி நெஞ்சில் அதிரும்.

பனையோரத்தான்

இந்த இடத்தில் நான் பேசியாக வேண்டும்.

பூதத்தின் குரல் "காத நான்கும்" கேட்டது என்பது பாட்டு. காதத்தை எந்த அளவில் வைத்தாலும் அது பல மைல். இப்போது வைத்தியர் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். ஒருவர் பேசினால் நாலு காதத்துக்கும் கேட்கும் என்றால், அந்த இனத்தில் எவருக்கும் ரகசியமே இருக்க முடியாது. தாய் பிள்ளையைத் திட்டுவது, கணவன் மனைவி பிணக்கு, கிழவரின் முனகல், எல்லாமே எல்லார் காதிலும். பிறந்ததிலிருந்து அப்படியே வளர்ந்தவர்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் பேச அவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் என்ற இடமே கிடையாது.

இனி அந்தப் பூதம் யார் யாரைப் பிடிக்கிறது என்று பட்டியலைப் பாருங்கள். தவ வேடத்தில் மறைந்துகொண்டு தவறு செய்பவர்கள். மறைவாக ஒழுக்கம் தவறும் பெண்கள். உள்ளிருந்தே அரசனைக் காட்டிக்கொடுக்கும் அமைச்சர்கள். பிறர் மனைவியை விரும்புகிறவர்கள். பொய்ச்சாட்சி சொல்பவர்கள். புறங்கூறுபவர்கள். இதில் கொலை இல்லை, களவு இல்லை, வழிப்பறி இல்லை. அத்தனையும் ஒளித்துச் செய்வது!

ஏன் இவை மட்டும் என்று எனக்குப் பல காலமாகக் கேள்வி இருந்தது. உங்கள் பூத இனத்தை வைத்தால் பதில் வருகிறது. வாளெடுத்து வெட்டுவது அவர்களுக்குப் புரியும், அது கண்ணெதிரே நடக்கிறது. கிசுகிசுப்பது புரியாது. ஒரு வாய் ஒன்று சொல்லி நெஞ்சு வேறொன்று நினைப்பது அவர்கள் வாழ்வில் நிகழவே முடியாத காரியம். மனிதர்களுக்கு நடுவில் குடிவந்த பிறகுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார்கள், அருவருத்துப் போகிறார்கள். புகார் நகரம் அந்த அருவருப்பையே தன் நீதியாக்கிக்கொண்டு நாற்சந்தியில் நிறுத்தியிருக்கிறது.

எனக்கு இப்போதுதான் பயம் வருகிறது. சின்ன வயதில் வந்த அதே பயம்.

மருதநிலத்தாள்

அண்ணா, இதைப் படித்துவிட்டு எழுந்து முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். சமூகம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைக்கும். அவர்களிடம் சாட்சி விசாரணை இருக்காது, ஏனென்றால் எல்லோருமே சாட்சி. எழுத்தும் இருக்காது என்று தோன்றுகிறது. எல்லோரும் கேட்டதை எழுதி வைக்க வேண்டிய அவசியம் என்ன? கற்றளி சொன்ன இசையும் இதில் சேர்ந்துவிடும், ஒரு கழிமுகத்தில் அடிக்கும் முழவுக்கு அடுத்த கழிமுகத்தில் ஆடுவார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடிக்கிறது. அவன் தாய் அழுகிறாள். கோவலன் குறுக்கே போய், இவனை விட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுத்துவிடுகிறது. கெட்டவன் உயிருக்குப் பதிலாக நல்லவன் உயிரை எடுத்து நற்கதியை இழக்கும் பழக்கம் இங்கில்லை என்கிறது. கோவலன் அந்தக் குடும்பத்தைப் பல வருடம் காப்பாற்றுகிறான். இந்தக் காட்சி என் நாவலில் நிச்சயம் வரும். என் பூதம் அதை எந்த மனநிலையில் சொல்லும்? கோபமா, இரக்கமா?

பனையோரத்தான்

இரண்டும் இல்லை, குழப்பம் என்று எழுதிப் பாருங்கள். செய்தவன் குரல் வேறு, கொடுக்க வந்தவன் குரல் வேறு. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்ற கணக்கே அந்த இனத்துக்கு எட்டாது. ஆனால் கோவலனுக்கு முன் அப்படி ஒரு மனிதக் குரலை அது கேட்டிருக்காது. நினைப்பதும் சொல்வதும் ஒன்றாக உள்ள குரல். அந்தக் குரலைப் பூதங்கள் மறக்க மாட்டார்கள். மதுரையில் அவன் வெட்டுப்பட்ட சேதி புகாருக்கு வரும்போது முதலில் யாருக்குத் தெரிய வேண்டும் என்று யோசியுங்கள்.

கால்நடை வைத்தியன்

அந்தப் பூதத்தைக் கிழவியாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தான்சானியாவின் தரங்கிரே காட்டில் 1993-ல் கொடும் வறட்சி. வயதான தாய்யானை வழிநடத்திய கூட்டங்கள் காட்டை விட்டு வெளியேறித் தண்ணீர் தேடிப்போயின. அவற்றில் கன்றுகள் அதிகம் பிழைத்தன. முன்பு வந்த வறட்சியை அந்தக் கிழவிகள் பார்த்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எழுத்தில்லாத இனத்துக்கு வயதானவளின் நினைவுதான் சட்டம். கால்தோல் தடித்து, பல் தேய்ந்து, வெந்த சோறு இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும் கிழவி. படையலை நம்பி இருப்பவள். அவளிடம் கோவலன் பேசட்டும்.

மருதநிலத்தாள்

கிழவிதான். முடிவு செய்துவிட்டேன். உயரத்தை 15 அடிக்குக் குறைக்கிறேன், முதுகு வளைந்திருக்கும். கோவலன் காட்சியை எழுதி இங்கேயே போடுகிறேன். நிலைக்கம்பி, அந்த நாற்சந்தியில் அவள் உட்கார்ந்து எழ ஒரு மேடை வேண்டுமே, என்ன உயரம், எந்தக் கல்?

நிலைக்கம்பி

உட்கார வைக்காதீர்கள், அந்த எடையில் எழுந்திருப்பது முழங்காலுக்கு ரொம்பக் கஷ்டம். யானைகள் நின்றபடியே தூங்குவதுண்டு. முதுகு சாய்க்க இடுப்புயரத்துக்கு ஒரு சாய்மானச் சுவர் கட்டுங்கள். கழிமுகத்தில் கல் கிடைக்காது, செங்கல்தான். அடித்தளம் அகலமாக, மேலே போகப்போகக் குறுகட்டும். சாய்ந்து சாய்ந்து அவள் தோள் பட்ட இடம் மட்டும் தேய்ந்திருக்கும்.